அம்மா எழுதிய ஐயாயிரம்

மழை பிடித்துக்கொண்டால் லம்பூராவில் கேக் ஒழுங்காக எழும்பாது. மாவு ஈரத்தைக் குடித்துவிடும், முட்டை வெள்ளையை எவ்வளவு அடித்தாலும் நுரை நிற்காது, அடுப்பு சூடேறவே அரைமணி கூடப் பிடிக்கும். சுவிமொன் இருபத்தேழு வருஷமாக அந்த அடுப்போடு மல்லுக்கட்டுகிறவள். மழைக்காலத்தில் சர்க்கரையை எத்தனை பிடி குறைக்க வேண்டும் என்பது அவள் கைக்கே தெரியும். நடுவில் ஓட்டை வைத்த வட்டக் கேக். ஆரஞ்சு, காபி, பாண்டான் இலை என்று மூன்று வாசம். ரயிலுக்குப் போகிறவர்களும் புக்கெட் பஸ்காரர்களும் அட்டைப்பெட்டியில் கயிறு கட்டி வாங்கிப் போவார்கள்.

அன்றைக்கு அடுப்பிலிருந்து எடுத்த பன்னிரண்டு கேக்கும் பன்னிரண்டு தினுசாக அமுங்கிக் கிடந்தன. மழையின்மேல் பழியைப் போட முடியாது. முட்டை அடிக்கும்போது புத்தி முட்டையில் இல்லை.

அம்மாவை அடக்கம் செய்து அன்றோடு ஏழு நாள். சாயங்காலம் அண்ணன் தனோங் வருகிறான். சாமி மாடத்து இழுப்பறையில் இருக்கிற வெள்ளை உறையைப் பிரிக்கப் போகிறார்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் அம்மா கைப்பட எழுதி, இருவருக்கும் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் உறையை ஒட்டினாள். ‘தென்கடல் கையுறைக் கம்பெனிப் பங்கு ஐயாயிரம் சுவிமொனுக்கு. மீதி தனோங்குக்கு.’

எழுதின அன்று அம்மாவிடம் இருந்தது ஆறாயிரம் பங்கு. பங்கு ஒன்று நூறு பாத். மகளுக்கு ஐந்து லட்சம், மகனுக்கு ஒரு லட்சம் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். மகன் அப்போது முகம் சுளிக்கவில்லை. கல்யாணத்தின்போதே அவனுக்குப் பதினெட்டு ராய், அதாவது ஏழு ஏக்கர், ரப்பர் தோட்டம் போயாயிற்று. கல்யாணம் காட்சி இல்லாமல் அடுப்படியிலேயே நாற்பத்தேழு வயதாகிவிட்ட மகளுக்குப் பங்கு என்பது வீட்டில் முடிவான பேச்சு.

இப்போது பங்கு ஆறாயிரம் இல்லை, அறுபதாயிரம். காகிதத்தில் மட்டும் ஐயாயிரம் ஐயாயிரமாகவே இருக்கிறது.

கடை வாடகைக் கடை. வீட்டுக்காரக் கிழவர் செத்துப்போய், பாங்காக்கிலிருக்கிற அவர் பிள்ளைகள் விற்கப்போகிறார்கள். இருபத்தேழு வருஷம் இருந்தவள் என்று அவளிடம்தான் முதலில் கேட்டார்கள். சீனப் புத்தாண்டு முடிவதற்குள் ஐந்து லட்சம் முன்பணம் கட்டினால் மீதியைத் தவணையில் தரலாம். கட்டாவிட்டால் புக்கெட்காரன் ஒருவன் காத்துக்கொண்டிருக்கிறான். அந்த ஐயாயிரத்தை நம்பித்தான் சுவிமொன் சரி என்று தலையாட்டியிருந்தாள்.

அவள் அம்மா கிம்லாங்குக்குப் பங்குப் பைத்தியம் பிடித்தது அறுபது வயதுக்குமேல். கேக் கடையை மகளிடம் விட்டுவிட்டு, தினமும் எட்டரை மணி வேனில் த்ராங் டவுனுக்குக் கிளம்பிவிடுவாள். தரகுக் கம்பெனியின் மாடியில் குளிரூட்டிய கூடம், வரிசையாக நாற்காலிகள், சுவரில் பச்சையும் சிவப்புமாக விலை ஓடும் பலகை. பன்னிரண்டரைக்குச் சந்தை நின்றால் ஓசிச் சோறு. வருகிறவர்களில் பாதிப் பேர் சோற்றுக்கும் குளிர்காற்றுக்கும் வருகிறவர்கள்தான். வாங்குவதும் விற்பதும் வருஷத்துக்கு இரண்டு தடவை. வாய்தான் நாள்முழுக்க வியாபாரம் பண்ணும். அதில் பக்கத்து நாற்காலி சங்குவான் வாத்தியார், முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், கனவில் பாம்பு வந்தால் பங்கு வாங்குவார்.

போன மே மாதம் ஒருநாள் அம்மா மழையில் நனைந்துகொண்டே ஓடிவந்தாள். சுவிமொன் முட்டையை உடைத்து வெள்ளையையும் மஞ்சளையும் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“மொன்! உடைக்கறாங்கடி!”

“எதை?”

“பங்கை! ஒண்ணைப் பத்தா உடைக்கறாங்க, ஆகஸ்ட் மாசம். நூத்திப் பதினெட்டுல நின்னுச்சு. சேதி வந்ததும் நூத்தி இருபத்தாறுக்கு எகிறிடுச்சு.”

“ஒண்ணு பத்தாகும், சரி. விலையும் பத்துல ஒண்ணாகுமில்ல? ஒரு கேக்கைப் பத்துத் துண்டா வெட்டினா பத்துக் கேக் ஆயிடுமா மா?”

“நீ அடுப்படியிலயே கெட. முழுக் கேக் நூத்தி இருபது பாத்னு வச்சா எத்தனை பேர் வாங்குவான்? துண்டு பன்னெண்டுன்னு வை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட வாங்கும். கூட்டம் சேந்துட்டா பதிமூணுன்னாலும் தருவான்.”

“கையுறை அதே கையுறைதானே. கம்பெனி புதுசா என்ன சம்பாதிச்சுடுச்சு?”

“கையுறை அதேதான். வாங்கற கை கூடுதில்ல?”

“வெட்டின கேக் சீக்கிரம் காஞ்சிடும் மா.”

“காயறதுக்குள்ள வித்துட்டுப் போறேன். நீ முட்டையைப் பாரு, மஞ்சள் ஒழுகுது.”

கிழவி சொன்னது பாதி பலித்தது. உடைக்கப்போகிறார்கள் என்ற பேச்சுக்கே விலை ஏறி ஏறி நூற்று முப்பத்தைந்துக்குப் போனது. ஆகஸ்டில் உடைத்த நாள் காலையில் பலகையில் பதிமூன்றரை என்று வந்ததும், சேதியே தெரியாமல் வைத்திருந்த துணிக்கடைக்காரி ஒருத்தி, “நேத்து நூத்தி முப்பத்தஞ்சு, இன்னிக்குப் பதிமூணரையா? போச்சே, என் குடி போச்சே!” என்று தரையில் உட்கார்ந்துவிட்டாளாம். கம்பெனிப் பெண் சாருணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, “அத்தை, ஒங்க நூறு இப்ப ஆயிரம்” என்று காகிதத்தில் எழுதிக் காட்டினபிறகுதான் எழுந்தாளாம். அம்மா அதை நடித்துக் காட்டி, அன்று இரவு சோறு இறங்காமல் சிரித்தாள்.

அந்தச் சோற்றுக்குத் தனோங்கும் இருந்தான். பன்றிக்கறி வறுவலும் கீரை போட்ட தண்ணிச் சாறும். அம்மா கரண்டியால் மகளைக் காட்டிச் சொன்னாள்:

“உன் ஐயாயிரம் இப்ப அம்பதாயிரம்டி.”

“அப்ப என் ஆயிரம் பத்தாயிரமா மா?” என்று தனோங் கேட்டான்.

“ஆமாண்டா. ரப்பர் வெலை விழுந்தா கையுறைக்காரனுக்கு லாபம். நீ அழு, நான் சிரிக்கறேன்.”

மூவருமே சிரித்தார்கள். தனோங்கின் சிரிப்பு மட்டும் சீக்கிரம் நின்றது. கிலோ நூற்றெண்பதுக்கு விற்ற ரப்பர் அறுபதுக்கு வந்திருந்தது. வண்டித் தவணை நான்கு மாதம் நின்றிருந்தது.

விலை பதினாலரை வரைக்கும் போனது. துண்டு வாங்குகிறவர்கள் எல்லோரும் வாங்கி முடித்தார்கள். பிறகு இறங்க ஆரம்பித்தது. அம்மா விற்கவில்லை, எண்ணிக்கை பெருத்ததே அவளுக்குப் போதுமாக இருந்தது. விலையைக் கேட்டால், “அறுபதாயிரம் வச்சிருக்கேன்” என்பாள். கேட்டது ஒன்று, சொல்வது ஒன்று.

அக்டோபரில் சைவத் திருவிழா வந்தது. ஒன்பது நாள் கறி, மீன், முட்டை எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது. முட்டை இல்லாமல் ஏது கேக்? அடுப்பை அணைத்து, தட்டுகளைச் சோடா போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, சுவிமொன் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டையில் சும்மா இருந்தாள். வருஷத்தில் அவள் கை சும்மா இருப்பது அந்த ஒன்பது நாள்தான். திருவிழா நாளில் சுத்தம் முக்கியம். துக்கம் உள்ளவர்கள் சாமி கோயில் வாசல் மிதிக்கக்கூடாது. சாவு விஷயம் வாயில் வரக்கூடாது.

மூன்றாம் நாள் மத்தியானம். டவுனுக்குப் போகாமல் அம்மா வீட்டில் இருந்தாள். சாமி மாடத்து இழுப்பறையை இழுக்கும் சத்தம் கேட்டது. சுவிமொன் எட்டிப்பார்த்தால், அம்மா கையில் வெள்ளை உறை. இன்னொரு கையில் நீலப் பேனா.

“என்ன மா இது?”

“வேற ஒண்ணு எழுதி வச்சிடறேன். இதுல ஐயாயிரம்னு இருக்கே. வாத்தியார் நேத்துதான் சொன்னாரு, காகிதத்தை மாத்துங்கம்மா, உடைச்சது காகிதத்துக்குத் தெரியாதுன்னு.”

“இன்னிக்கா? ஒன்பது சாமியும் கீழே இறங்கியிருக்கற நாள்ல, நீ செத்தப்பறம் பிரிக்கற காகிதத்தையா சாமி முன்னாடி எழுதுவ?”

“ரெண்டு வரி. அஞ்சு நிமிஷம்டி.”

“அஞ்சு நிமிஷமோ அரை நிமிஷமோ. நல்ல நாளும் அதுவுமா வாயிலயும் கையிலயும் அபசகுனம். திருவிழா முடியட்டும், அப்புறம் எத்தனை வரி வேணாலும் எழுது.”

அவளுக்கு இன்னொரு கூச்சமும் இருந்தது. தனக்கு வரவேண்டியதை அம்மா எழுதும்போது பக்கத்தில் நின்று பார்ப்பதா? அம்மா சாவைக் காத்துக்கொண்டிருக்கிறவள் மாதிரி அல்லவா ஆகும்? அம்மா கையிலிருந்து பேனாவை அவளே வாங்கி, உறையோடு உள்ளே வைத்து, இழுப்பறையைத் தள்ளினாள். அம்மா, “சரி போ, ஆறு நாள்தானே” என்று சொல்லிவிட்டு டீவி பார்க்கப் போய்விட்டாள்.

திருவிழா ஏழாம் நாள் காலையில் அம்மா குளியலறையில் விழுந்தாள். வலது கை போயிற்று, வாய் போயிற்று. ஏழு வாரம் கிடந்தாள். சுவிமொன் கஞ்சியைக் குழாயில் ஊற்றினாள், மலம் வழித்தாள், முதுகைப் புரட்டினாள். அம்மாவின் கண் சாமி மாடத்துப் பக்கமே போகும். என்ன கேட்கிறாள் என்று சுவிமொனுக்குத் தெரியாமல் இல்லை. கை விழுந்தவளிடம் பேனாவை எப்படி நீட்டுவது? நீட்டினாலும் என்ன எழுதுவாள்? டிசம்பர் முதல் வாரம் மூச்சு நின்றது.

தனோங் ஐந்து மணிக்கு வந்தான். மழையில் நனைந்த சட்டையோடு ரப்பர் பால் புளித்த வாசம். ஊதுவத்தி ஏற்றி மூன்று தடவை கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தான். அமுங்கின கேக்கில் ஒரு துண்டை வெட்டி அவன் முன்னால் வைத்தாள். அவன் தொடவில்லை.

உறையைப் பிரித்து அவன்தான் வாசித்தான். வாசித்துவிட்டு, காகிதத்தை மேஜைமேல் வைத்து உள்ளங்கையால் நீவினான்.

“ஐயாயிரம் உனக்கு முவாய். மீதி எனக்கு.” தங்கையை அவள் பிறந்ததிலிருந்து முவாய் என்றுதான் கூப்பிடுவான், அவளுக்கு அண்ணன் ஹியா.

“ஹியா, இது உடைக்கறதுக்கு முன்னாடி எழுதினது.”

“அம்மா கைப்பட எழுதினது. ஐயாயிரம்னு எழுத்துலயும் இருக்கு, எண்ணுலயும் இருக்கு.”

“அன்னிக்கு ஐயாயிரம்னா அஞ்சு லட்சம். இன்னிக்குப் பதினோரு பாத் விக்குது, ஐம்பத்தஞ்சாயிரம். அம்மா எனக்கு எழுதினது ஐம்பத்தஞ்சாயிரமா? உன் மனசைத் தொட்டுச் சொல்லு. கறி தின்னுக்கிட்டே கேட்டியே, என் ஆயிரம் பத்தாயிரமான்னு.”

“கேட்டேன்.”

“அப்புறம்?”

“கேட்டது எந்தக் காகிதத்துல இருக்கு முவாய்?”

மழை தகரத்தில் அடித்தது. அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“நான் ராட்சசன் இல்ல. வண்டியை வந்து தூக்கிட்டுப் போகப்போறான். பையன் பாங்காக்ல காலேஜ் கட்டணம் கட்டாம நிக்கறான். மூணு மாசமா தோட்டத்துல கத்தி வைக்கல, பால் எடுத்தா கூலிக்கே பத்தல. நீ ஒத்தை ஆளு. கேக் எங்க சுட்டாலும் கேக்குதான்.”

“அடுப்பு இங்க இருக்கு ஹியா. இருபத்தேழு வருஷமா இந்த வாசல்லதான் பஸ் நிக்குது. ஒரு பூஜ்யம்தானே கேக்கறேன்.”

“அந்தப் பூஜ்யம் அஞ்சு லட்சம் பாத்.” காகிதத்தை மறுபடி நீவினான். “எனக்குப் புரியாதது ஒண்ணுதான். ஆகஸ்ட்ல உடைச்சது, அக்டோபர்ல விழுந்தா. நடுவுல ரெண்டு மாசம் இருந்துச்சே. உனக்குத்தான் தரணும்னா அம்மா ஏன் மாத்தி எழுதல?”

பொய் சொல்லியிருக்கலாம். அம்மா மறந்துவிட்டாள் என்று ஒரு வார்த்தை போதும். சுவிமொனுக்கு அது வரவில்லை.

“எழுத வந்தா ஹியா. திருவிழா மூணாம் நாள், பேனாவும் கையுமா நின்னா. நான்தான் நல்ல நாள்ல வேணாம்னு வாங்கி வச்சுட்டேன்.”

தனோங் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் ஒரு இரக்கம் வந்துபோனது. அதுதான் அவளை அதிகம் சுட்டது.

“அப்ப நீயே வேணாம்னு சொல்லிட்டியே முவாய்” என்றான்.

அவன் தொடாத கேக்கை அவள் மூடி வைத்தாள். அவன் போகும்போது, “கூட ஒரு ஐயாயிரம் போட்டுத் தரேன், அண்ணனா” என்றான். “காகிதத்துல இருக்கறது போதும்” என்றாள்.

டவுனில் ஒரு வக்கீலிடம் போகாமல் இல்லை. எழுதினவள் மனசில் இருந்ததைக் கோர்ட்டில் நிரூபிக்கலாம், வாத்தியார் சாட்சி சொல்லலாம், மூன்று வருஷம் பிடிக்கலாம் என்றார் அவர். சீனப் புத்தாண்டுக்கு இருந்தது ஏழு வாரம். அதுவுமில்லாமல், சாட்சிக் கூண்டில் ஏறினால் அவளையும் கேட்பார்கள். அம்மா ஏன் எழுதவில்லை என்று கேட்பார்கள். அதை ஊர் முன்னால் இன்னொரு தடவை சொல்ல அவளால் ஆகாது.

ஜனவரியில் தரகுக் கம்பெனி மாடியில் கையெழுத்துப் போட்டார்கள். சாருணி படிவத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, “ஐயாயிரம்தானே ஜே? ஐம்பதாயிரம் இல்லையே?” என்று கேட்டாள். ஊரில் பலருக்கும் சுவிமொன் ஜே, அக்கா. தப்பாக அச்சடித்துவிட்டோமோ என்ற பயம் சாருணிக்கு.

“ஐயாயிரம்தான்.”

சங்குவான் வாத்தியார் தன் நாற்காலியிலிருந்து திரும்பிப் பார்த்துவிட்டு, உடனே பலகைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மாவின் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. அதன் முதுகில் அவள் குளிருக்குப் போர்த்திக்கொள்கிற துண்டு அப்படியே தொங்கியது. சுவிமொன் அதை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினாள்.

கடையைப் புக்கெட்காரன் வாங்கினான். நல்ல மனுஷன்தான், எட்டு மாதம் இருந்துகொள்ளச் சொன்னான். ஐயாயிரத்தையும் பத்தரைக்கு விற்று, சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒரு அறை பிடித்து, ஒரு சின்ன அடுப்பு வாங்கினாள். ஒரு தடவைக்கு நாலு கேக் வேகும். அந்தச் சந்துக்குள் எந்தப் பஸ்ஸும் வராது.

அடுத்த அக்டோபர் வந்தது. திருவிழா மூன்றாம் நாள் சாமி ஊர்வலம். பழைய கடையைக் காலி செய்ய அவளுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. பெரிய அடுப்பைப் பழைய இரும்புக்காரன் முந்தின நாளே பிரித்துத் தூக்கிப் போய்விட்டான். அது இருந்த இடத்தில் தரை மட்டும் கறுத்து, நாற்சதுரமாக இருந்தது.

வாத்தியார் தலையிலிருந்து கால்வரை வெள்ளையில் வந்தார். சுவிமொன் சட்டைக் கையில் கறுப்புத் துணி குத்தியிருந்ததைப் பார்த்து, வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். அம்மா செத்து வருஷம் திரும்பவில்லை. துக்க வீட்டுக்குள் வெள்ளையோடு வரக்கூடாது.

“மொன், சாப்பிட்டியா?”

“ஆச்சு வாத்தியாரே. இன்னிக்கு விலை என்ன?”

“எட்டே முக்கால்.”

“ஹியா வித்துட்டானா?”

“எங்க விக்கறான்? முதல்ல வண்டிக்காரனுக்குக் கொஞ்சம் வித்தான். மீதியை வச்சுக்கிட்டு, பதினாலரை திரும்ப வரும்னு உட்காந்திருக்கான். தோட்டத்துப் பக்கமே போறதில்ல. காலைல பத்து மணிக்கு வந்துடறான், உங்கம்மா நாற்காலிலதான்.”

சுவிமொனுக்கு அண்ணன்மேல் கோபம் வரவில்லை. அந்த நாற்காலியில் அவன் பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பதை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது. 

“நான்தான் உங்கம்மாகிட்ட அழுத்திச் சொல்லியிருக்கணும்” என்றார் வாத்தியார். “மாத்துங்க மாத்துங்கன்னு முன்னாடியே சொல்லாம விட்டுட்டேன். ஒரு பூஜ்யம்.”

“நீங்க சொன்னீங்க வாத்தியாரே. அவளும் எழுத வந்தா. கையைப் பிடிச்சது நான்.”

தூரத்தில் மேளமும் வெடியும் கேட்டது. தெருவில் கடைக்குக் கடை மேஜை போட்டு, சிவப்புத் துணி விரித்து, பழமும் டீயும் ஊதுவத்தியும் வைத்துச் சாமியை எதிர்பார்த்து நின்றார்கள். இருபத்தேழு வருஷமாக அவள் வாசலிலும் மேஜை உண்டு. எதிர்க்கடை மருந்துக்காரர் மனைவி தெருவைத் தாண்டி வந்து, படிக்கு வெளியே நின்று, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“ஜே மொன்... தப்பா எடுத்துக்காதீங்க. சாமி வருது. கதவைக் கொஞ்சம் சாத்திக்கறீங்களா? துக்கம் இல்லையா, அதான்.”

“சாத்திக்கறேன். போங்க.”

இரும்புக் கதவைத் தரை வரைக்கும் இழுத்துவிட்டாள். உள்ளே இருட்டிக்கொண்டது. சாமி மாடத்தை அவள் ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தாள். இழுப்பறை மட்டும் பாக்கி. உட்கார்ந்து அதை மடியில் கவிழ்த்தாள். ஊதுவத்தித் தூள், ரெண்டு காய்ந்த பூ, அன்றைக்கு அவள் அம்மா கையிலிருந்து வாங்கிப் போட்ட நீலப் பேனா.

இந்த நாட்களின் சுத்தம் கெடக்கூடாது என்றுதான் அதை வாங்கினாள். அதே நாட்களில் இப்போது அவள் தீட்டு. வாய்விட்டு அழுதாள். வெடிச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்டிருக்காது. ஊர்வலம் வாசலைத் தாண்டிப் போய், கடைசி வெடியும் ஓய்கிறவரை கதவைத் திறக்கவில்லை.